நோவற்ற நாளுக்கும் மருந்து

நோய்க்கு இடும் பெயர் வெறும் பெயரன்று. நோயாளிக்குக் கிடைக்கும் முதல் விளக்கமும் அதுவே. பெயர் பிழைபட்டால் விளக்கம் பிழைபடும். விளக்கம் பிழைபட்டால் மருந்துண்ணும் முறையும் பிழைபடும். சொல்லாராய்ச்சி புலவர்க்குப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். ஒரு சொல்லின் மயக்கம் ஓர் உயிரை வாங்கவும் கூடும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

'மாரடைப்பு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மார்பில் நிகழும் அடைப்பு என்பது அதன் பொருள். நெஞ்சுநோ என்று எது வந்தாலும், 'எத்தனை அடைப்பு?' என்று கேட்பதே நம்மவர் வழக்கம். படம் பிடித்துப் பார்த்த வைத்தியர், 'அடைப்பு ஒன்றும் இல்லை' என்று கூறிவிட்டால் உறவினர் முகம் மலரும். கோயிலில் அருச்சனை நடக்கும். சில வாரங்களில் குளிசைகளும் அலுமாரியின் மேற்றட்டுக்குப் போய்விடும். ஆயின், அடைப்பின்றியும் நெஞ்சு நோகும். அடைப்பில்லாத குழாயும் தன்னைத் தானே இறுக்கி மூடிக்கொள்ளும். அதுவே யான் ஈண்டுக் கூறவந்த நோய்.

பெயர்

இதயம் உடம்பெங்கும் குருதியைச் செலுத்துகின்றது. அதற்கும் குருதி வேண்டும். அதனை ஊட்டும் குழாய்கள் இதயத்தின் மேல் ஒரு முடிபோலச் சூழ்ந்து கிடத்தலின், 'முடியுருநாடி' என்று நம் பாடநூலார் பெயரிட்டனர். தமிழகத்தார் 'தமனி' என்பதனை ஈழத்தார் 'நாடி' என்பர். இந்நாடியின் சுவரில் மெல்லிய தசை உண்டு. தசை நெகிழ்ந்தால் குழாய் விரியும், இறுகினால் ஒடுங்கும். இயல்பான ஒடுக்கம் தீங்கன்று. திடீரெனக் கைமுட்டி பிடித்தாற்போல் ஓரிடத்தில் அது இறுகிவிடின் அப்பால் உள்ள இதயத்தசை குருதியின்றித் துடிக்கும். அத்துடிப்பே நோவாக வெளிப்படும்.

இதனைத் தமிழில் யாது என்பது? கெண்டைக்கால் பிடிப்பு, நாரிப்பிடிப்பு என்பன வழக்கில் உள்ளமையின், 'நாடிப்பிடிப்பு' எனலாமே என்று தோன்றும். ஆயின், பரியாரியார் கையைப் பற்றிப் பார்ப்பதும் நாடி பிடித்தலே. ஈண்டு மயக்கம் நேரும். ஆதலின் யான் 'நாடிச்சுருக்கு' என்று வழங்குகின்றேன். சுருக்குக் கயிறு இறுகுவதும், பின் இழுத்தால் தளர்வதும் யாவரும் கண்டவை. அடைப்பு என்பது கல் விழுந்து தூர்ந்த வாய்க்கால்; சுருக்கு என்பது பிடித்து நெரித்த இறப்பர்க் குழாய். முன்னையதில் தடை எப்பொழுதும் உண்டு. பின்னையதில் கைவிட்டால் நீர் ஓடும், கை மீண்டும் எப்பொழுது நெரிக்கும் என்பது தெரியாது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மருந்தின் முறையெல்லாம் தானே விளங்கும்.

மருத்துவத்துக்குத் தமிழ்ச்சொல் தேடுவது நமக்குப் புதிதன்று. 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நம் மாணாக்கருக்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவர் இந்நாட்டை விட்டு நீங்கியது 1873 இல். நெஞ்சுநோவுக்குரிய இன்றைய மருந்துகளுள் ஒன்றேனும் அந்நாளில் இங்கு வழக்கில் இல்லை. மருந்துகள் வந்தன, அவற்றுக்கு ஒத்த சொற்கள் அதே வேகத்தில் வரவில்லை.

நோயைக் கண்ட வரலாறு

நெஞ்சுநோவை முதன்முதல் தெளிவாக எழுதிவைத்தவர் இலண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன். 1768 ஆம் ஆண்டு அவர் படித்த கட்டுரை 1772 இல் அச்சாயிற்று. மேடேறி நடக்கும்போது வரும். நின்றால் நீங்கும் என்பது அவர் கண்ட இலக்கணம். பொது இலக்கணம் அதுவாயின், விதிவிலக்கு ஒன்று இருத்தல் வேண்டுமன்றோ! அவ்விதிவிலக்கினைத் தனியே வகுத்து 1959 ஆம் ஆண்டு வெளியிட்டவர் அமெரிக்காவின் மைரன் பிரின்ஸ்மெற்றல் என்பாரும் அவர்தம் துணைவரும். உழைக்கும்போது வாராது, ஓய்ந்திருக்கும்போது வரும். பகலில் வண்டி மிதிப்பவனுக்கு ஒன்றுமில்லை. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே அவனை நோ எழுப்பும். அவ்வேளையில் எடுத்த ஈ.சி.ஜி. வரைபில் பெரிய மாற்றம் தோன்றும். நோ நீங்கியபின் எடுத்தால் வரைபு ஒன்றும் அறியாததுபோல் இருக்கும். பின்னர் 1970 களில் நாடிக்குள் சாயம் செலுத்திப் படமெடுத்தபோது, சுருங்குவதையும் மருந்தால் விரிவதையும் வைத்தியர்கள் கண்ணாற் கண்டனர். இத்தாலியின் பீசா நகரில் அற்றிலியோ மசேரி குழுவினர் செய்த ஆராய்ச்சி இதில் பெரிதும் பேசப்படுவது. அடைப்புள்ள நாடியும் சுருங்கலாம், அடைப்பற்ற நாடியும் சுருங்கலாம் என்பது உறுதியாயிற்று.

யான் வைத்தியனல்லேன், பண்டித வகுப்புக்கு இலக்கணம் கற்பிப்பவன். எனக்கு இந்நோய் உண்டென்று துணியப்பட்டு ஏழாண்டுகள் ஆகின்றன. விடியற்காலை நாலு மணிக்கு நெஞ்சின் நடுவே அம்மிக்கல்லை வைத்தாற்போன்ற பாரம், தாடைவரை பரவும் நோ, வியர்வை. பத்து நிமிடத்தில் ஒன்றுமில்லை. வீட்டார் 'வாய்வு' என்றனர். இஞ்சிச்சாறு வந்தது. நம் ஊரில் எத்தனை நெஞ்சுநோக்கள் வாய்வு என்னும் பெயரில் மறைந்து திரிகின்றனவோ! இதனால் அறிந்தவற்றை ஆசிரியன் என்ற முறையில் பிறர்க்கும் கூறக் கடமைப்பட்டேன். மருந்தின் அளவு முதலியன அவரவர் வைத்தியர் தீர்மானிப்பன. யான் கூறுவது மருந்தின் கருத்து மாத்திரமே.

தணிக்கும் மருந்து

இந்நோய்க்குரிய மருந்துகளை இரண்டாகப் பகுக்கலாம்: வந்த நோவைத் தணிப்பது ஒன்று, வாராது தடுப்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றென மயங்குவதே நோயாளர் பலர்க்கு நேரும் இடர்.

தணிக்கும் மருந்து நைத்திரோகிளிசரீன். 1847 இல் இத்தாலியின் தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ அதனை முதலில் ஆக்கினார். நாவில் சிறிது வைத்தாலே தலை பிளப்பதுபோல் நோவதைக் கண்டார். அல்பிரட் நோபல் அதனையே வெடிமருந்தாக்கிச் செல்வம் குவித்தார். 1879 இல் இலண்டன் வைத்தியர் வில்லியம் மரெல் அதனை நெஞ்சுநோவுக்கு மருந்தாக எழுதினார். இறுதிக் காலத்தில் நோபலுக்கு இதய நோய் வந்தபோது வைத்தியர்கள் அவருக்கு எழுதியதும் அதே பொருள்தான். விதியின் விளையாட்டு என்று அவரே 1896 இல் நண்பருக்கு எழுதினார். அது நாடியை எங்ஙனம் நெகிழ்க்கின்றது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. உடம்பினுள் அது நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவைத் தருகின்றது. நாடியின் உட்சுவர் தானே நாளும் ஆக்குவதும் அவ்வாயுவே. இதனைத் தெளிவித்த மூவருக்கு 1998 ஆம் ஆண்டு வழங்கப்பட்டது நோபலின் பெயராலான பரிசே.

இந்நோயாளரின் உட்சுவர் அவ்வாயுவைப் போதிய அளவு ஆக்குவதில்லை. ஆதலின் நாவின் கீழ் வைக்கும் சிறு குளிசை சில நிமிடங்களில் சுருக்கை அவிழ்க்கும். இருந்துகொண்டே வைத்தல் வேண்டும். நின்றால் குருதியமுக்கம் வீழ்ந்து மயக்கம் வரலாம். ஒளி புகாத கண்ணாடிக் குப்பியில் இறுக மூடி வைத்தல் வேண்டும். பஞ்சு திணித்தலும் கடதாசியில் மடித்தலும் அதன் வலியைப் போக்கும். குப்பியைத் திறந்த திகதியை அதன்மேல் எழுதிவைத்தல் நன்று. ஐந்து நிமிடத்தில் நோ தணியாவிடின் வீட்டில் ஆராய்ச்சி வேண்டா. 1990 இற்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்சை வருவித்தலே அறிவு.

நாள் முழுதும் வேலை செய்யும் நீண்ட நைத்திரேற்றுக் குளிசைகளும் உள. அவற்றுக்கு ஒரு குறை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது பழமொழி. இடைவிடாது உண்டால் நாடி இம்மருந்துக்குப் பழகிவிடும், பயன் தேயும். ஆதலின் நாளில் சில மணிநேரம் உடம்பு இம்மருந்தின்றி இருக்குமாறு வைத்தியர் வேளை வகுப்பர். நோ இரவில் வருவதாயின் காவல் இரவுக்கும், ஓய்வு பகலுக்கும் ஆகும். 'காலையில் ஒன்று, மாலையில் ஒன்று' என்று நாமே மாற்றிக்கொள்ளலாகாமைக்குக் காரணம் இதுவே.

தடுக்கும் மருந்து

நெடுநாள் மருத்துவத்தின் உயிர்நாடி மற்றோர் இனம். தசை இறுகுவதற்குக் கல்சியம் வேண்டும். தசையின் உயிரணுக்களில் கல்சியம் நுழையும் நுண்ணிய வாயில்கள் உள. அவ்வாயில்களை ஓரளவு அடைத்தால் தசை எளிதில் இறுகாது. ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் அல்பிரெக்ற் பிளெக்கன்ஸ்ரைன் 1960 களில் இவ்வழியைக் கண்டு விளக்கினார். வெரபாமில், நிபெடிப்பீன், டில்ரியாசெம் என்பன இவ்வினத்தின் முதல் மருந்துகள்; அம்லோடிப்பீன் பின்வந்தது. நாம் உண்ணும் பாலின் கல்சியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பாலை நிறுத்தினால் நோய் குறையும் என்று கருதுவோர்க்காக இதனைக் கூறினேன்.

இம்மருந்து நோவைத் தணிப்பதன்று. நோ வந்தபின் விழுங்கினால் உடன் பயன் தராது. அது காவற்காரன். கள்வன் வாராத இரவிலும் காவற்காரன் விழித்திருத்தல் வேண்டும். வெறும் ஆறுதலுக்காகவும் அன்று. ஜப்பானில் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவது. அந்நாட்டு வைத்தியர் ஹிரோபுமி யசுவே குழுவினர் 245 நோயாளரைத் தொடர்ந்து நோக்கி 1988 இல் வெளியிட்ட ஆய்வு, கல்சியத் தடை மருந்து உண்டமை இதயத்தசை அழிவின்றி உயிர்வாழ்வதற்குரிய காரணிகளுள் ஒன்று என்று காட்டியது. நீண்ட நைத்திரேற்றுக்கு இச்சான்று இல்லை. 1429 ஜப்பானிய நோயாளரை ஆராய்ந்து 2015 இல் வெளிவந்த அறிக்கை, அதனைச் சேர்த்து உண்டமையால் நெடுநாள் விளைவு சிறந்ததாகக் காணவில்லை. நோவைக் குறைக்க அது துணை. காவலுக்குத் தலைமை கல்சியத் தடை மருந்தே. ஒன்றாற் போதாவிடின் வைத்தியர் வேறொன்றைச் சேர்ப்பர்.

மருந்து என்றால் குறையும் உண்டு. அம்லோடிப்பீனும் நிபெடிப்பீனும் கணுக்காலை வீங்கச் செய்யலாம். வெரபாமில் மலச்சிக்கல் தரும். டில்ரியாசெம் நாடித்துடிப்பை மெதுவாக்கலாம். நைத்திரேற்று தலையிடி தரும். நிபெடிப்பீன் உண்பார் சிலர்க்கு முரசு தடித்து வளர்வதும் உண்டு. இக்குறைகளுக்கு மருந்தை நிறுத்துதல் விடையன்று. வைத்தியரிடம் கூறுதலே விடை. ஒன்று ஒவ்வாதாயின் அவ்வினத்தில் மற்றொன்று உண்டு. சொல்லாமல் நிறுத்துவோரே வைத்தியர்க்கு விடுகதையாகின்றனர்.

நோவற்ற நாள்

இனி, இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். ஆறு கடக்குமட்டும் அண்ணன் தம்பி, ஆறு கடந்தபின் நீ யார் நான் யார் என்று ஒரு பழமொழி உண்டு. மருந்தோடு நம் உறவும் அத்தகையதே. நோ நீங்கினால் குளிசை அந்நியமாகிவிடும். ஆயின், இந்நோயில் நோவின்மை நலமன்று என்பதை வைத்தியர்கள் வரைபிற் கண்டுள்ளனர். நாள் முழுதும் மார்பில் கருவி பூட்டிப் பார்க்கும்போது, நோயாளி அறியாத சுருக்குகள் அவன் அறிந்தவற்றினும் மிகுதியாகக் காணப்படுவதுண்டு. உறங்குபவன் உறங்கிக்கொண்டிருக்க நாடி சுருங்கி விரியும். நோ என்பது நோயின் குரல். குரல் கேளாமையால் ஆள் இல்லை என்று கொள்ளலாமோ?

எம்மோடு கற்பித்த ஆசிரியர் ஒருவர்க்கும் இந்நோய் இருந்தது. ஒன்றரை ஆண்டு ஒரு நோவும் இல்லை. கந்தசட்டி விரதம் வந்தது. ஆறு நாளும் பாலும் இளநீருமே உணவு. மருந்தும் உணவின் பாற்படும் என்று கருதி எல்லாக் குளிசைகளையும் ஒருங்கே நிறுத்தினார். ஐந்தாம் நாள் விடியற்புறம் கிணற்றடியில் விழுந்தார். மகன் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்க அம்புலன்ஸ் வந்தது. மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டனர். அவரை வீழ்த்தியது விரதமன்று. இம்மருந்தைத் திடீரென நிறுத்தினால் அடங்கிக் கிடந்த சுருக்கு முன்னையினும் வேகத்தோடு எழக்கூடும் என்று வைத்தியர் விளக்கினார். நோயுற்றார்க்கு மருந்துண்பதால் விரதம் பழுதுறாது என்று பின்னர்க் குருக்கள் ஒருவர் கூறினார். அக்கூற்றை விரதத்துக்கு முன்னரே கேட்கும் வழக்கம் நம்மிடம் பரவுமாயின் எவ்வளவு நன்று! அந்நண்பர் இன்றும் கந்தசட்டி நோற்கின்றார். இரவுக் குளிசையையும் உண்கின்றார்.

அப்படியாயின் இது ஆயுள் முழுதும் உண்ணும் மருந்தோ என்று மாணாக்கர் கேட்பர். இந்நோய் கடலின் வற்றுப்பெருக்குப் போன்றது. தொடங்கிய மாதங்களில் கொதித்து எழும்; பின் ஆண்டுக்கணக்கில் அடங்கவும் கூடும். நெடுங்காலம் அமைதியாக இருந்தவர்க்குச் சில வைத்தியர்கள் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பதுண்டு. அது வைத்தியர் கண்காணிப்பில், மெதுவாக, ஆராய்ந்து செய்வது. துடிப்பு நின்று மீண்டவர்க்கு அச்சோதனையும் ஏற்றதன்று. குறைத்தல் வேறு, விட்டொழித்தல் வேறு. பலர்க்கு இது நெடுந்துணையாகவே இருக்கும்.

ஆகாதன

ஏனை நெஞ்சுநோவுக்கு நன்மருந்தாவது இதற்குத் தீங்காகலாம் என்பது வியப்பானது. 1964 இல் ஜேம்ஸ் பிளாக் என்பாரின் ஆராய்ச்சியால் பயனுக்கு வந்த புரோபிரனலோல், உழைப்பால் வரும் நெஞ்சுநோவுக்குப் பெரும்பேறாயிற்று. நாடிச்சுருக்கு உடையார்க்கோ அது சுருக்கை மிகுவிக்கலாம். நாடியில் இறுக்கும் தூண்டலும் நெகிழ்க்கும் தூண்டலும் உள; நெகிழ்ப்பதை இம்மருந்து தடுத்துவிட, இறுக்குவது தனித்து ஆளும். இதே மருந்தை ஒற்றைத் தலையிடிக்கும் கைநடுக்கத்துக்கும் கொடுப்பதுண்டு. ஒற்றைத் தலையிடிக்குரிய சுமாற்றிப்ரானும் இந்நோயாளர்க்கு ஆகாது. ஆகவே எந்த வைத்தியரிடம் எதற்காகச் சென்றாலும், 'எனக்கு நாடிச்சுருக்கு உண்டு' என்று முதற்கண் கூறுதல் வேண்டும். ஆண்மைக்குறைவுக்கு விற்கப்படும் சில்டெனபில் போன்றவற்றை நைத்திரேற்றோடு சேர்ப்பதும் உயிருக்கு உலையாகும். நாணத்தால் மறைக்கத் தக்க செய்தியன்று இது.

எல்லாவற்றுக்கும் மேலானது புகை. அறியப்பட்ட காரணங்களுள் முதன்மையானது புகைத்தலே. யாழ்ப்பாணத்துச் செம்மண் புகையிலைக்குப் பேர்போனது, சுருட்டுத்தொழில் பல குடும்பங்களைப் படிக்கவைத்தது, யானும் அவ்வூரானே. நன்றி மறவாமலே கூறுகின்றேன்: சுருட்டு நாடியைச் சுருட்டும். ஒருகையால் சுருக்கை அவிழ்க்கும் மருந்தும் மறுகையால் அதனை இறுக்கும் புகையுமாக இருப்பவனுக்கு எம்மருந்தும் முழுப்பயன் தாராது.

நான்காம் உறுப்பு

திருக்குறளில் 'மருந்து' என்பது 95 ஆம் அதிகாரம். அதன் நிறைவில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக் கூறுகின்றார்: நோயாளி, வைத்தியன், மருந்து, அதனை அருகிருந்து இயற்றுவான். நான்காமவனை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். சின்னாள் நோய்க்கு அவன் தேவை சிறிது. நெடுநாள் மருத்துவத்திலோ வைத்தியரைக் காண்பது சில மாதத்துக்கு ஒருமுறை; அருகிருப்பவரைக் காண்பது நாள்தோறும். என் வீட்டில் அவ்வுறுப்பு என் மனைவி. இரவுச் சாப்பாடு முடிந்ததும் சிறு தட்டில் குளிசையும் நீரும் வரும். 'இண்டைக்கு நோ ஒண்டும் இல்லைத்தானே' என்று யான் கூறினால், 'அதுக்குத்தான் இது' என்பார். நூறு நூல் கூறுவதனை அவ்விரு சொல் கூறிவிடுகின்றன.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. மாணாக்கர்க்கு இதயத்தைக் கற்பிக்கும்போது, அடைப்பு வேறு சுருக்கு வேறு என்பதனை ஒரு வாக்கியத்தாலேனும் பிரித்துக் காட்டுவோமாக. அம்மாணாக்கன் வீட்டில், விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும் ஒரு தந்தையோ தாயோ இருக்கலாம். 'அடைப்பில்லை' என்ற சொல்லைக் கேட்டு மருந்தை விட்ட மாமன் இருக்கலாம். அவரிடம் போய், 'அடைப்பில்லைத்தான், ஆனால் சுருக்கு உண்டு. குளிசையை நிறுத்தவேண்டாம்' என்று அப்பிள்ளை கூறுமாயின், நாம் கற்பித்த தமிழ் தன் கடனைச் செய்ததாகும்.